குதிரைக்கு ஒரு நீதி, மனிதனுக்கு ஒரு நீதியா?
நூறு மைல் மலைப்பாதை ஓட்டம் கற்றுத்தந்த பாடம்

மராத்தான் எனப்படும் 42 கிலோமீட்டர் ஓட்டத்தை ஓடி முடித்தவர் ஒருவர் நம் வீட்டருகே இருந்தாலே அவரை வியப்போடு பார்க்கிறோம். அந்தத் தூரத்தை ஒரே மூச்சில் ஏறக்குறைய நான்கு முறை ஓட வேண்டும் என்று சொன்னால்? அதுவும் தார்ச்சாலையில் அல்ல, கல்லும் முள்ளும் நிறைந்த மலைப்பாதையில்? பகல் முழுதும் ஓடி, இரவு முழுதும் ஓடி, மறுநாள் சூரியன் உதித்த பிறகும் ஓட வேண்டும் என்றால்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதக் கடைசி வார இறுதியில் நடைபெறும் 'வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்' ஓட்டம் அத்தகையது. அதன் தூரம் 100.2 மைல், அதாவது 161 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குக் காரில் போகும் தூரத்தைவிட இது அதிகம். வழியில் ஏற வேண்டிய மேடுகளை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 5,500 மீட்டர் வரும். கடல்மட்டத்திலிருந்து கினபாலு மலையின் உச்சி 4,095 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்றத்தின் கடுமை விளங்கும். இறங்க வேண்டியதோ அதைவிட அதிகம். ஏறத்தாழ 7,000 மீட்டர்.

இன்று உலகின் பல நாடுகளில் 100 மைல் மலைப்பாதை ஓட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றுக்கெல்லாம் மூத்தது இந்த ஓட்டம்தான். இப்படி ஒரு விபரீத ஆசை மனிதனுக்கு எப்படி வந்தது? இதற்கு விடை தேடிப் போனால், ஒரு நொண்டிக் குதிரையின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

குதிரையில் தொடங்கிய பந்தயம்

1955-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவின் ஆபர்ன் நகரைச் சேர்ந்த தொழிலதிபர் வெண்டல் ரோபி. இக்காலத்துக் குதிரைகளால் ஒரே நாளில் 100 மைல் கடக்க முடியாது என்று சிலர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. நண்பர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டார். தாஹோ ஏரிப் பகுதியிலிருந்து புறப்பட்டு, சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து, ஒரே நாளில் குதிரையில் ஆபர்ன் வந்து சேர்ந்தார். 1850-களில் தங்கமும் வெள்ளியும் தேடிப் போனவர்கள் நடந்த பாதை அது. அந்தச் சவாரி பின்னர் ஆண்டுதோறும் நடக்கும் 'டெவிஸ் கோப்பை' பந்தயமாக வளர்ந்தது.

இந்தப் பந்தயத்தில் ஒரு சிறப்பு உண்டு. வழிநெடுகக் கால்நடை மருத்துவர்கள் நிற்பார்கள். குதிரையின் நாடித்துடிப்பைப் பார்ப்பார்கள். கால் நொண்டுகிறதா என்று கவனிப்பார்கள். நாடி அடங்கவில்லை என்றால் குதிரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். சவாரிக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை. எல்லைக்கோட்டைத் தொட்டாலும் போதாது. 'இந்தக் குதிரை இன்னமும் தொடர்ந்து செல்லத் தகுதியுடன் இருக்கிறது' என்று மருத்துவர் சொன்னால்தான் பந்தயத்தை முடித்ததாகக் கணக்கு. 1964 முதல் இன்னொரு பரிசும் வழங்கப்படுகிறது. முதல் பத்து இடங்களுக்குள் வந்த குதிரைகளில், உடல்நிலை மிகச் சிறப்பாக இருக்கும் குதிரைக்கு 'ஹேகின் கோப்பை'.

வேகமாக வந்த குதிரைக்கு ஒரு கோப்பை, நலமாக வந்த குதிரைக்கு ஒரு கோப்பை! வாயில்லாப் பிராணிக்கு மனிதன் வழங்கிய இந்த நீதியை, அதே மனிதன் தனக்கு வழங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. நூறு மைல் ஓட்டத்தின் வரலாறு என்பது ஒருவகையில் அந்தத் தாமதத்தின் வரலாறுதான்.

குதிரை நின்றது, மனிதன் ஓடினான்

கோர்டி ஐன்ஸ்லி என்ற இளைஞர் 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் இந்தப் பந்தயத்தைக் குதிரையில் முடித்தவர். 1973-இல் அவர் கொண்டுவந்த குதிரை 29-ஆவது மைலில் நொண்டியது. மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டுக்கு அவரிடம் தகுந்த குதிரை இல்லை. பந்தயச் செயலாளர் டிரூசிலா பார்னர், குதிரை இல்லாமலே ஓடிப் பார்க்கலாமே என்று அவரைத் தூண்டினார். 1961-இல் டெவிஸ் கோப்பையை வென்ற முதல் பெண்மணி இந்த பார்னர்தான்.

அந்தப் பாதையைக் கால்நடையாகக் கடக்க முடியும் என்பது அதற்கு முன்பே நிரூபிக்கப்பட்டிருந்தது. 1972-இல் கன்சாஸ் மாநிலத்தின் போர்ட் ரைலி முகாமைச் சேர்ந்த 20 இராணுவ வீரர்கள் நடந்து பார்த்தார்கள். 7 பேர் முடித்தார்கள். ஆனால் குதிரைக்கு விதித்த 24 மணி நேரக் கெடுவுக்குள் மனிதனால் முடியுமா என்பதே கேள்வி.

1974 ஆகஸ்டு மாதம், 27 வயது ஐன்ஸ்லி குதிரைகளோடு குதிரையாகப் புறப்பட்டார். பள்ளத்தாக்குகளில் தகிக்கும் வெயில். அவருக்கென்று தனி உதவி நிலையங்கள் கிடையாது. 23 மணி 42 நிமிடத்தில் ஆபர்ன் வந்து சேர்ந்தார்.

அவரால் முடிந்தது என்றதும் மற்றவர்களுக்கும் ஆசை பிறந்தது. 1975-இல் ஓடிய ஒருவர், எல்லைக்கு இரண்டு மைல் தூரம்கூட இல்லாத நிலையில், கையில் நேரமும் இருக்க, ஓட்டத்தைக் கைவிட்டார். 1976-இல் கென் ஷர்க் என்பவர் 24 மணி 30 நிமிடத்தில் முடித்தார்.

1977-இல் ஓட்டக்காரர்களுக்கென முதல் அதிகாரப்பூர்வப் போட்டி, குதிரைப் பந்தயத்தோடு சேர்த்தே நடத்தப்பட்டது. 14 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களைப் பரிசோதிக்க மூன்றே இடங்கள்தான். அவை குதிரைகளை மருத்துவர்கள் பார்க்கும் அதே இடங்கள்! டாக்டர் பாப் லிண்ட் அங்கே மனிதர்களைப் பார்த்தார். 11 பேர் தாமாக விலகினார்கள் அல்லது விலக்கப்பட்டார்கள். முடித்தவர்கள் மூவர் மட்டுமே. 22 வயது ஆண்டி கான்சாலஸ் 22 மணி 57 நிமிடத்தில் முதலில் வந்தார். மற்ற இருவரும் 28 மணி 36 நிமிடத்தில் ஒன்றாக வந்தார்கள்.

அந்த இருவரில் ஒருவர் டாக்டர் ரால்ப் பாபன்பார்கர். அப்போது அவருக்கு வயது 54. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் பல்லாயிரம் பேரின் வாழ்க்கை முறையை ஆராய்ந்து, உடற்பயிற்சி செய்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆய்வாளர் அவர். இந்த இருவரும் தாமதமாக வந்ததும் ஒரு நன்மைக்கே. 24 மணி நேரத்திற்குள் வருபவருக்கு வெள்ளி பக்கிள், 30 மணி நேரத்திற்குள் வருபவருக்கு வெண்கல பக்கிள் என்ற ஏற்பாடு அதன் பின்னரே வந்தது. இடுப்பு வாரில் மாட்டும் அந்தச் சிறு உலோகத் துண்டுக்காகத்தான் இன்றும் மனிதர்கள் இரவெல்லாம் ஓடுகிறார்கள்.

1978-இல் ஓட்டம் குதிரைகளிடமிருந்து பிரிந்து ஜூன் மாதத்திற்கு மாறியது. 63 பேர் ஓடினார்கள். 30 பேர் முடித்தார்கள். பேட் ஸ்மித் என்பவர் 29 மணி 34 நிமிடத்தில் முடித்து, இதை ஓடி முடித்த முதல் பெண்மணி ஆனார். அந்த ஆண்டு 21 உதவி நிலையங்களும் 6 மருத்துவப் பரிசோதனை இடங்களும் அமைக்கப்பட்டன. ஓராண்டில் எவ்வளவு மாற்றம் பாருங்கள்!

இறங்கத் தெரிந்தவனே ஏறலாம்

இவ்வளவு தூரம் ஓட எப்படித் தயாராவது? நாள்தோறும் நூறு மைல் ஓடியா பழக முடியும்? யாரும் அப்படிச் செய்வதில்லை. வார இறுதியில் அடுத்தடுத்து இரண்டு நாள் நீண்ட தூரம் ஓடுவது பரவலான முறை. முதல் நாள் களைப்போடு இரண்டாம் நாள் ஓடும்போதுதான் போட்டியின் பிற்பகுதி எப்படி இருக்கும் என்று கால்களுக்குத் தெரியும். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஏற்பாட்டாளர்களே மே மாத இறுதியில் மூன்று நாளில் ஏறத்தாழ 70 மைல் ஓடும் பயிற்சி முகாமை அந்தப் பாதையிலேயே நடத்துகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் ஏற்றத்தைக் கண்டு அஞ்சுவார்கள். அனுபவசாலிகள் அஞ்சுவதோ இறக்கத்தைக் கண்டு! ஏற்றத்தில் முன்னணி வீரர்கள்கூட நடப்பதுண்டு. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டும். தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுவது அப்போதுதான். இதற்கு மருந்து, முன்கூட்டியே சரிவுகளில் ஓடிப் பழகுவது. ஒருமுறை அடிபட்டுத் தேறிய தசை அடுத்த முறை அவ்வளவு எளிதில் சேதமடையாது.

அடுத்தது வெப்பம். அந்தப் பள்ளத்தாக்குகளில் வெயில் 38 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. ஒன்றரை இரண்டு வாரம் வெப்பத்தில் பழகினால் இரத்தத்தில் நீர்மப் பகுதி பெருகுகிறது. வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது. குளிர்ப்பிரதேசத்து ஓட்டக்காரர்கள் இதற்காக நீராவி அறையில் போய் உட்காருகிறார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்பவர்களுக்கு அந்தச் செலவு இல்லை. புக்கிட் கியாராவிலோ மேக்ரிட்சியிலோ ஒரு நண்பகல் போதும். ஆனால் நம் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை உலராமல் வழிவதால் உடல் குளிர்வதும் குறையும். ஆகவே நிதானமும் கூடுதலாகத் தேவை. போட்டிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே பயிற்சியைக் குறைத்து உடலைத் தேறவிடுவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

தராசு சொன்ன பொய்

குதிரைக்கு நாடி பார்த்தார்கள். மனிதனுக்கு எதைப் பார்ப்பது? எடையைப் பார்த்தார்கள். ஓட்டம் தொடங்கும் முன் எடை குறிக்கப்படும். வழியில் தராசுகள் காத்திருக்கும். எடை மிகவும் குறைந்துவிட்டால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். குடித்துத் தேறும்வரை போக முடியாது, அல்லது போட்டியை விட்டே விலக வேண்டும். ஆகவே ஓட்டக்காரர்கள் தராசுக்குப் பயந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஓடினார்கள்.

நல்ல எண்ணத்தில் வகுத்த விதிதான். ஆனால் அது பாதி உண்மையின் மீது நின்றது. 1985-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்சும் சக ஆய்வாளர்களும் வேறோர் ஆபத்தைச் சுட்டிக்காட்டினார்கள். நெடுந்தூரம் ஓடுபவர் தேவைக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் உப்புச்சத்து நீர்த்துப்போகிறது. களைத்த உடல் சிறுநீரையும் தேக்கி வைத்துக்கொள்கிறது. அதனால் மூளை வீங்குகிறது. தலைவலி, வாந்தி, குழப்பம், பிறகு வலிப்பு, உயிருக்கே ஆபத்தாகலாம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பாட்டி சொன்னது தண்ணீருக்கும் பொருந்திற்று.

வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் களத்திலேயே நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. இவ்வளவு தூரம் ஓடும்போது உடலில் சேமித்த மாவுச்சத்து எரிகிறது. அதோடு தேங்கியிருந்த நீரும் வெளியேறுகிறது. ஆகவே எடை ஓரளவு குறைவது இயற்கை. குறையாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்! நாளடைவில் கட்டாய எடை பார்த்தல் கைவிடப்பட்டது. தாகம் எடுக்கும்போது குடியுங்கள் என்பதே இன்றைய அறிவுரை. தராசைவிடத் தாகம் நம்பகமானது என்று கண்டறியப் பல ஆண்டுகள் பிடித்தன.

வலியை மறைக்கும் மாத்திரை

குதிரைக்கு வலித்தால் நொண்டும், மருத்துவர் நிறுத்திவிடுவார். மனிதனுக்கு வலித்தால் மாத்திரை போட்டுக்கொள்வான்! ஐபுபுரூபென் என்ற வலிநிவாரணியை நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலர் மிட்டாய்போல விழுங்கி வந்தார்கள். டேவிட் நீமன் தலைமையிலான ஆய்வுக் குழு வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டக்காரர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. மாத்திரை போட்டவர்களுக்குத் தசைவலி குறையவில்லை. மாறாக, உடலில் அழற்சியின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. யாரை நம்பி விழுங்கினார்களோ அதுவே எதிரியாக நின்றது.

இதில் சிறுநீரகத்தின் பாடு பெரும்பாடு. சிதைந்த தசையிலிருந்து கசியும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை வந்தடைகிறது. நீர் வற்றிய உடல், தகிக்கும் வெப்பம், அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். ஓட்டத்திற்குப் பிறகு சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்திருந்தால், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று இருக்கக்கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றபடி, ஓட்டம் முடிந்த பிறகு தேவைப்படுபவை எளியவையே. நல்ல தூக்கம், போதிய உணவு, மெல்லிய நடை, பிறகு காத்திருத்தல். படியில் இறங்க முடியாத வலி சில நாளில் போய்விடும். ஆனால் உள்காயம் ஆறுவதற்கு முன்பே வலி ஆறிவிடுகிறது. கால் நன்றாயிருக்கிறது என்று எண்ணி அடுத்த வாரமே ஓடக் கிளம்புபவர்கள்தான் நீண்ட நாள் காயத்தோடு வீட்டில் உட்காருகிறார்கள்.

நிறுத்த ஆளில்லாத மலை

நிறுத்துவதற்கு ஆள் இல்லையென்றால் என்ன ஆகும்? 2021 மே 22-ஆம் தேதி சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம் ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினார்கள். உயரமான பகுதியில் திடீரென்று ஆலங்கட்டியும் உறைய வைக்கும் மழையும் சூறைக்காற்றும் தாக்கின. காற்றைத் தடுக்கும் மேலாடையைக் கொண்டுவர வேண்டும் என்று விதி இல்லை. மெல்லிய உடையில் இருந்தவர்கள் குளிரில் விறைத்துப்போனார்கள். 21 பேர் மாண்டார்கள். நாட்டின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் அவர்களில் அடக்கம். குகையில் ஒதுங்கியிருந்த ஆட்டிடையர் ஒருவர் தீ மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார்.

உடல் வலிமையில் அந்த லியாங் ஜிங்குக்கு ஈடானவர்கள் மிகச் சிலரே. வலிமை அவரைக் காக்கவில்லை. போட்டிக்கு முன் பையைத் திறந்து மேலாடை இருக்கிறதா என்று பார்க்கும் தொண்டூழியரை எரிச்சலோடு பார்ப்பவர்கள் இந்தச் சம்பவத்தை நினைவில் வைக்க வேண்டும்.

கடைசி முந்நூறு மீட்டர்

வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டம் ஆபர்னில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியின் திடலில் முடிகிறது. 2006-இல் பிரையன் மோரிசன் என்ற இளைஞர் முதல் ஆளாக அந்தத் திடலுக்குள் நுழைந்தார். பாக்கி இருந்தது ஏறத்தாழ முந்நூறு மீட்டர். அங்கே அவர் கால் மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடியும் விழுந்தார். உடனிருந்தவர்கள் பதறிப்போய்த் தூக்கித் தாங்கி எல்லைக்கோட்டைத் தாண்ட வைத்தார்கள். பிறர் உதவியால் முன்னேறக்கூடாது என்பது விதி. அவருடைய வெற்றி செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பின்னால் வந்த கிரகாம் கூப்பர் வெற்றியாளர் ஆனார்.

கொடுமை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் குதிரைப் பந்தயத்தின் பழைய விதி இங்கே எதிரொலிப்பதைக் கவனிக்க வேண்டும். எல்லையைத் தொட்டால் மட்டும் போதாது. தொடும்போது எந்த நிலையில் இருக்கிறாய் என்பதும் கணக்கு.

அதே திடலில் 2015-இல் வேறொரு காட்சி. 30 மணி நேரக் கெடு முடியப்போகிறது. 70 வயது கன்ஹில்ட் சுவான்சன் என்ற மூதாட்டி உள்ளே நுழைகிறார். அந்த ஆண்டின் வெற்றியாளர் ராப் கிரார், பல மணி நேரத்திற்கு முன்பே தம் ஓட்டத்தை முடித்துவிட்டவர். அவர் காலில் சாதாரணச் செருப்போடு வந்து, மூதாட்டியின் கடைசி மைலில் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறார். கையைப் பிடிக்கவில்லை, தாங்கவில்லை. கூட ஓடினார், அவ்வளவுதான். சுவான்சன் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் 29 மணி 59 நிமிடம் 54 விநாடியைக் காட்டியது. ஆறு விநாடி மிச்சம்! எழுபதைத் தொட்ட பெண் ஒருவர் இந்த ஓட்டத்தை முடித்தது அதுவே முதல்முறை.

இன்று இந்தப் பாதையின் சாதனை நேரங்கள் ஐன்ஸ்லி கனவிலும் எண்ணாதவை. ஆண்களில் ஜிம் வாம்ஸ்லி 2019-இல் 14 மணி 9 நிமிடத்திலும், பெண்களில் கோர்ட்னி டவ்வால்டர் 2023-இல் 15 மணி 29 நிமிடத்திலும் முடித்தார்கள். வேகம் வளர்ந்ததற்குக் காலணியும் உணவும் பயிற்சியும் காரணம். ஆனால் எத்தனையோ சாமானியர்கள் ஓடிவிட்டு உயிரோடும் உடல்நலத்தோடும் வீடு திரும்புவதற்கு, பாதையோரம் நின்று 'போதும், உட்கார்' என்று சொல்லும் மனிதர்களே காரணம்.

குதிரைப் பந்தயத்தில் ஓடுவது ஒன்று, முடிவெடுப்பது மற்றொன்று. மனித ஓட்டத்திலோ குதிரையும் அவனே, சவாரிக்காரனும் அவனே. சவாரிக்காரனுக்குப் பரிசு வேண்டும்; குதிரைக்கு ஓய்வு வேண்டும். இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்று தெரிந்தவரே நெடுந்தூரம் போகிறார். ஓட்டத்திற்கு மட்டுமா இது? நாள் முழுதும் வேலை, இரவில் மேலதிக நேர வேலை என்று தங்களை விரட்டிக்கொண்டே போகும் நம்மவர்களும், அவ்வப்போது நின்று தங்கள் குதிரையின் நாடியைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.